தளமாற்றமும் பாடமும்: பல்கலைக்கழக இணையதளங்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் ஆயத்தப் பணிகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பல்கலைக்கழகங்கள் தம் இணையதளங்களைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றும்போது மேற்கொள்ளும் ஆயத்தப் பணிகள், இணையத்தில் உள்ள தமிழ்ப் பாடங்களையும் அகராதிகளையும் எவ்வாறு பாதிக்கக்கூடும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பக்கங்களைக் கணக்கெடுத்துக் கழித்தல், முகவரிகளை மாற்றியமைத்தல், எழுத்துக் குறியாக்கத்தை மாற்றுதல் ஆகிய படிகள் தனித்தனியே ஆராயப்படுகின்றன. தளமாற்றம் என்பது ஏட்டைப் பெயர்த்தெழுதுவதற்கு நிகரான பணி. ஆதலால் சுவடிப் பதிப்பில் நாம் பின்பற்றும் நெறிகள் இதற்கும் பொருந்தும் என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: தளமாற்றம், ஒருங்குறி, இணைப்பழிவு, நிலைத்த முகவரி, பாடவேறுபாடு, மின்பதிப்பு.

முன்னுரை

பல்கலைக்கழக இணையதளங்கள் பலவற்றை இயக்கிவந்த ட்ரூப்பல் 7 என்னும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் 2011 ஜனவரியில் வெளிவந்தது. அதற்கான ஆதரவு 2025 ஜனவரி 5ஆம் நாளுடன் நிறுத்தப்பட்டது. அந்நாளை எதிர்நோக்கிப் பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் தம் தளங்களை அம்மென்பொருளின் புதிய பதிப்புகளுக்கோ வேர்ட்பிரஸ் போன்ற பிறவற்றிற்கோ மாற்ற முற்பட்டன. இத்தகைய மாற்றம் ஒருமுறை நிகழ்ந்து முடிவதன்று. மென்பொருளின் ஒரு பதிப்புக்கு ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எனக் கொண்டாலும், ஓர் ஆய்வாளரின் பணிக்காலத்திற்குள் அவர் சார்ந்திருக்கும் தளம் இருமுறையேனும் இடம்பெயர்ந்துவிடும்.

தமிழாய்வாளருக்கு இது தொழில்நுட்பப் பிரிவின் உள்விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் இன்று நம் ஆய்வு மேசையில் இருப்பவற்றை எண்ணிப் பார்த்தால் நிலைமை வேறாகத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் தேடுகிறோம். கொலோன் பல்கலைக்கழகத்தின் இணையத் தமிழ் அகராதியைப் பயன்படுத்துகிறோம். 2001இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், தொகுத்தளிக்கும் இலக்கிய, இலக்கண நூல்களை உரையுடன் படிக்கிறோம். முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்காவில் காண்கிறோம். மேற்கோள் காட்டும் பாடமும், பொருள் காணும் அகராதியும், முன்னாய்வை அறியும் களஞ்சியமும் இணையத்திற்குச் சென்றுவிட்ட நிலையில், தளத்தை மாற்றுவோர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் நம் மேற்கோளைத் தொடுகிறது. எனவே அம்முடிவுகள் திறனாய்வுக்கு உரியவை.

ஆயத்தப் பணிகளின் வழக்கமான வரிசை

தளமாற்றத்திற்கு ஆயத்தமாகும் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையைப் பின்பற்றுகின்றன. முதலில் தளத்திலுள்ள பக்கங்கள், கோப்புகள், படங்கள் அனைத்தும் பட்டியலிடப்படுகின்றன. அடுத்து, ஒவ்வொன்றும் வைத்துக்கொள்ளத்தக்கது, திருத்தத்தக்கது, மற்றொன்றுடன் இணைக்கத்தக்கது, நீக்கத்தக்கது என வகைப்படுத்தப்படுகிறது. பின்னர், எஞ்சிய பக்கங்கள் புதிய மென்பொருளின் வார்ப்புருக்களுக்குள் பொருத்தப்படுகின்றன. பழைய முகவரிக்கும் புதிய முகவரிக்கும் இடையே வழிமாற்றப் பட்டியல் ஒன்று உருவாக்கப்படுகிறது. இறுதியாக, குறிப்பிட்ட நாளிலிருந்து பழைய தளத்தில் திருத்தங்கள் நிறுத்தப்பட்டுப் புதிய தளம் திறக்கப்படுகிறது.

இவ்வரிசையில் குறைகாண இடமில்லை. சேர்க்கை அறிவிப்பு, கட்டண விவரம், துறைத்தலைவர் பெயர் போன்ற செய்திகளுக்கு இதுவே தக்க முறை. ஆயினும் இம்முறை தளத்தை ஓர் அறிவிப்புப் பலகையாகக் கருதி வகுக்கப்பட்டது. அறிவிப்புப் பலகையில் இன்றைய செய்தி சரியாக இருந்தால் போதும்; நேற்றைய தாள் கிழிக்கப்படுவதில் தவறில்லை. நூலகத்திற்கு அவ்விதி பொருந்தாது. பல்கலைக்கழகத் தளம் அறிவிப்புப் பலகையாகவும் நூலகமாகவும் ஒருசேர இயங்குகிறது என்பதை ஆயத்தப் பட்டியல்கள் கண்டுகொள்வதில்லை. இங்கிருந்தே சிக்கல் தொடங்குகிறது.

கழித்தலின் அளவுகோல்

நீக்கத்தக்க பக்கங்களை இனங்காண இரண்டு அளவுகோல்கள் பெரிதும் கையாளப்படுகின்றன. ஒன்று, பக்கத்தைக் கடந்த ஓராண்டில் எத்தனை பேர் பார்த்தனர் என்பது. மற்றொன்று, பக்கம் இறுதியாகத் திருத்தப்பட்ட நாள். பார்ப்போர் குறைவாகவும் திருத்தம் பழையதாகவும் உள்ள பக்கம் காலாவதியானது எனக் கொள்ளப்படுகிறது.

பதிற்றுப்பத்தின் ஒரு பாடலும் அதன் பழைய உரையும் உள்ள பக்கத்தை இவ்விரு அளவுகோல்களாலும் நிறுத்துப் பார்க்கலாம். ஆண்டு முழுவதும் அதைத் திறந்தவர் சிலராகவே இருப்பர். பதினைந்து ஆண்டுகளாக அதில் ஒரு திருத்தமும் நிகழ்ந்திராது. பட்டியலின்படி அது நீக்கத்தக்கது. பதிப்பு நெறியின்படியோ, திருத்தப்படாமல் நிற்பதே பாடத்திற்குரிய சிறப்பு. ஒருமுறை மெய்ப்பு நோக்கி நிறுவப்பட்ட பாடம் மாறாமல் இருக்கவேண்டும். மாறினால் மாற்றம் குறிக்கப்படவேண்டும். அந்தப் பக்கத்தைத் தேடி வரும் சிலர், அதையன்றி வேறெதையும் கொண்டு தம் கருத்தைச் சரிபார்க்க இயலாத ஆய்வாளர்கள். அவர்களின் எண்ணிக்கையைச் சேர்க்கை அறிவிப்பைப் பார்ப்போர் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது, நூலகத்தில் நிகண்டுகளை இரவல் பெறுவோர் குறைவு என்று கூறி அவற்றைப் பழைய தாள் கடைக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

இதனோடு சேர்ந்த மற்றோர் இழப்பு வெளியே தெரியாதது. பழைய தளங்கள் பல, சட்டகங்களாகப் பகுக்கப்பட்டவை. இடப்புறம் நூற்பகுதிகளின் பட்டியலும் வலப்புறம் பாடமும், கீழே அல்லது தனிச் சாளரத்தில் உரையும் பதிப்புக் குறிப்பும் தோன்றும். 2014இல் நிறைவுபெற்ற எச்டிஎம்எல் 5 தரம் சட்டகத் தொகுதிகளைக் கைவிட்டது. எனவே புதிய மென்பொருளுக்குச் செல்லும்போது சட்டகங்கள் குலைக்கப்பட்டு, உள்ளடக்கம் தலைப்பு, உடற்பகுதி, படம் எனச் சில பொதுப் புலங்களுக்குள் திணிக்கப்படுகிறது. 'இப்பாடம் எப்பதிப்பைத் தழுவியது' என்னும் குறிப்புக்கு அவ்வார்ப்புருவில் இடமில்லையெனில், குறிப்பு விடுபட்டுப் பாடம் மட்டும் செல்லும். அவ்வாறு சென்ற பாடம் யாருடைய பாடம் என்பதை எவராலும் கூற இயலாது. ஒரு சுவடியின் முகப்பேட்டையும் இறுதி ஏட்டையும் கழித்துவிட்டு நடுவிலுள்ள ஏடுகளை மட்டும் காப்பதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

முகவரி ஒரு மேற்கோள்

இணைய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறுவதில்லை என்ற கருத்தை 1998இலேயே வலியுறுத்தினார். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்களே அவற்றை மாற்றுகின்றனர் என்பது அவர் வாதத்தின் சாரம். அதன் பின்னரும் நிலைமை சீர்படவில்லை. ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சேர்ந்த ஜோனதன் சிட்ரெய்ன், கென்ட்ரா ஆல்பர்ட், லாரன்ஸ் லெஸிக் ஆகியோர் மேற்கொண்ட ஆய்வு, ஹார்வர்டு சட்ட இதழ் முதலியவற்றில் மேற்கோளாகக் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவையும், அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்டவற்றில் 50 விழுக்காடும், முதலில் சுட்டப்பட்ட செய்திக்கு இட்டுச்செல்லவில்லை எனக் கண்டது. பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை.

தமிழாய்வேடுகளின் மேற்கோள்களை இவ்வாறு சரிபார்க்கும் பணி நம்மிடையே விரிவாக நிகழவேண்டும். அதற்கு முன்பே ஒன்றைக் கூறலாம். முகவரி அழிவதற்கான வித்து பெரும்பாலும் அம்முகவரியின் அமைப்பிலேயே இருக்கிறது. மூன்று எடுத்துக்காட்டுகள் இதை விளக்கும்.

முதலாவது, கொலோன் பல்கலைக்கழகத்தின் இணையத் தமிழ் அகராதி. அதன் பழைய முகவரி பல்கலைக்கழகத்தின் பெயர், கலைப்புலத்தின் பெயர்ச்சுருக்கம், இந்தியவியல், தமிழ் என நிர்வாகப் படிநிலையை அப்படியே அடுக்கிக் காட்டியது. பிற்காலத்தில் அகராதி, வலைச் செயலிகளுக்கெனப் பல்கலைக்கழகம் அமைத்த வேறொரு முகவரியின்கீழ் வந்தது. துறைகள் இணைவதும் பிரிவதும் பெயர் மாறுவதும் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் நிகழ்வன. துறையின் பெயரை முகவரியில் பொறித்தால், நிர்வாக மாற்றம் ஒவ்வொன்றும் மேற்கோள் மாற்றமாகிவிடும்.

இரண்டாவது, சிகாகோவில் உள்ள தமிழ்ப் பேரகராதி. முன்பு அதன் பதிவுகளுக்கான முகவரிகளில் பிலோலாஜிக் என்னும் தேடுபொறியின் பெயரும், அப்பொறி தன் வசதிக்காக இட்டுக்கொண்ட உள்ளெண்களும் இருந்தன. அச்சுப் பதிப்பைக் கையில் வைத்திருப்பவருக்கு அவ்வெண்கள் எதையும் உணர்த்தா. இப்போதுள்ள அமைப்பில் அச்சுப் பதிப்பின் பக்க எண் முகவரியில் இடம்பெறுகிறது. இது சிறிய மாற்றமாகத் தோன்றினும் முதன்மையானது. நாளை அத்தளம் மீண்டும் மாறி முகவரி முறிந்தாலும், அதிலுள்ள பக்க எண்ணைக் கொண்டு அச்சு நூலில் அச்சொல்லை எடுத்துவிடலாம்.

மூன்றாவது, பல்கலைக்கழகம் சாராத மதுரைத் திட்டம். 1998இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற இம்மின்தொகுப்பு, தொடக்ககால எழுத்துருக்களிலிருந்து திஸ்கிக்கும், திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கும் பெயர்ந்தது. எனினும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இடப்பட்ட தொடரெண் மாறவில்லை. நூலின் எண் எழுத்துருவையோ வழங்கியையோ சார்ந்திராததால், குறியாக்கம் மாறியபோதும் எண்ணைக் கொண்டு சுட்டிய மேற்கோள் பிழைத்தது. பெரும் நிதியும் பணியாளரும் உடைய நிறுவனங்கள் பல செய்யத் தவறியதை ஓர் எளிய எண்முறை செய்திருக்கிறது.

இக்கொள்கையின் நிறுவன வடிவமே நிலைத்த அடையாளம். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா, ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் ஹேண்டில் முறையில் 10603 என்னும் முன்னெண்ணுடன் ஒரு தனியெண் வழங்குகிறது. களஞ்சியம் இயங்கும் டிஸ்பேஸ் மென்பொருளின் பதிப்பு மாறினாலும், வழங்கி மாறினாலும், அந்த எண்ணைப் புதிய இடத்துடன் இணைத்துவிட்டால் போதும். ஆயினும் நம் ஆய்வேடுகளில் சோத்கங்காவை மேற்கோள் காட்டுவோர் அவ்வெண்ணை விடுத்து, உலாவியின் மேற்பட்டையில் அவ்வேளை தோன்றிய நீண்ட முகவரியைப் படியெடுத்து வைப்பதும், முகப்புப் பக்கத்தை மட்டும் சுட்டுவதும் வழக்கமாக உள்ளன. நிறுவனம் நிலைத்த எண்ணை அளித்தும் அதைப் பயன்கொள்ளாமை நம் தரப்புக் குறை.

குறியாக்கம்: புதிய ஏட்டில் பழைய மயக்கம்

தமிழ்த் தளங்களின் மாற்றத்தில் பிற மொழித் தளங்களைவிடக் கூடுதலான இடர் ஒன்று உண்டு. ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. எனினும் அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் திஸ்கியும், 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி உருவான டாம், டாப் ஆகியவையும், பாமினி போன்ற எண்ணிறந்த எழுத்துருக் குறியாக்கங்களும் வழங்கின. தமிழ்நாடு அரசு 2010 ஜூன் மாதத்தில்தான் ஒருங்குறியையும் டேஸ் 16ஐயும் தரங்களாக ஏற்று ஆணையிட்டது. ஆகவே அதற்கு முன் உருவான தளங்களின் அடித்தளத்தில் பழைய குறியாக்கங்கள் இருப்பது இயல்பு.

பாமினியில் உள்ள ஒரு பக்கத்தைப் புதிய மென்பொருள் ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவையாகவே காணும். இப்பிழை கண்ணுக்குத் தெரிவதால் திருத்தப்பட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத பிழைகளே கொடியவை. பழைய எழுத்துருக்கள் பல, எழுத்துகளைக் கண் காணும் வரிசையில் பதிந்தன. 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக இருந்தது. ஒருங்குறியிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரவேண்டும். மாற்றுநிரல் இத்துண்டுகளை ஒழுங்குபடுத்தும்போது, ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் இடலாம்; கொம்பும் காலும் ஆகிய இரு குறியெண்களாகவும் விட்டுவிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரமும் இவ்விரண்டையும் சமமெனக் கொள்கிறது. ஆனால் சீர்மைப்படுத்தாத தேடல் நிரலுக்கு இவை வேறு வேறு சொற்கள்.

ஒளகாரத்தில் நேர்வது இதனினும் கடுமையானது. 'மௌனம்' என்பதில் உள்ள குறியின் வலப்பகுதியும் ளகர எழுத்தும் வடிவில் ஒத்திருப்பதால், மாற்றுநிரலோ தட்டச்சாளரோ அவ்விடத்தில் கொம்பையும் ளகரத்தையும் இட்டு 'மெளனம்' என ஆக்கிவிட இயலும். படிப்பவர் மௌனம் என்றே படிப்பார். கணினி அதை 'மெ', 'ள', 'ன', 'ம்' என நான்கெழுத்தாக எண்ணும். இங்கே ஒருங்குறித் தரத்தின் சமன்பாடும் உதவாது. ஏனெனில் ளகரம் உண்மையிலேயே வேறெழுத்து. எழுத்தெண்ணிக்கை, சொல்லடைவு, யாப்பு ஆகியவற்றைக் கணினிவழி ஆராய்வோர் இப்பிழையைத் தரவாகவே எடுத்துக்கொள்வர். இதைப் போன்றே 'ஸ்ரீ' என்னும் வடிவம் ஸகரத்தைக் கொண்டும், 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் இருவேறு கோவைகளாகப் பதியப்படுகிறது.

தமிழறிஞருக்கு இது புதிய சிக்கலன்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளி பெறுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவில் எழுதப்படும். சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் அச்சுக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு நூலிலும் இம்மயக்கங்களைச் சொல்தோறும் தீர்க்கவேண்டியிருந்தது. சீவக சிந்தாமணியும் கலித்தொகையும் அச்சேறிய 1887ஆம் ஆண்டில் அவர்கள் எதிர்கொண்டது, வடிவொத்த எழுத்துகளில் எது பொருந்தும் என்னும் வினா. தளமாற்றம் எதிர்கொள்வதும் அதுவே. மயங்கும் எழுத்துகள்தாம் வேறு. அன்று அம்முடிவை எடுத்தவர் யாப்பும் பொருளும் அறிந்த பதிப்பாசிரியர். இன்று எடுப்பது தமிழ் அறியாத ஒரு நிரல். அதன் விளைவை ஒப்புநோக்கும் பணி யாருக்கும் ஒதுக்கப்படுவதில்லை.

அகரவரிசையும் இத்தகைய மறைமுக இடருக்கு உட்பட்டது. ஒருங்குறியின் குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், வகரம் ழகரத்திற்குப் பின்னும் அமைந்துள்ளன. சொற்களைக் குறியெண்படி அடுக்கும் மென்பொருளில், ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்னும் நெடுங்கணக்கு வரிசை குலையும். தமிழ் வரிசைமுறையைத் தெரிவு செய்யும் வசதி இன்று பல தரவுத்தளங்களில் உண்டு. அதைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதை அறிந்தவர் ஆயத்தக் குழுவில் இருக்கவேண்டும்.

முகவரிக்குள் தமிழ்

புதிய மென்பொருள்கள் பக்கத்தின் தலைப்பிலிருந்தே முகவரியை உருவாக்குகின்றன. தமிழ்த் தலைப்புக்குத் தமிழ் முகவரி கிடைப்பது வரவேற்கத்தக்கதாகத் தோன்றும். ஆனால் முகவரியில் இடம்பெறும் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டுகளாகி, விழுக்காட்டுக் குறியுடன் ஒன்பது எழுத்துருக்களாக விரிகிறது. 'தொல்காப்பியம்' என்னும் சொல்லில் 13 குறியெண்கள் உள்ளன. முகவரியில் அது 117 எழுத்துருக்களைப் பிடிக்கிறது. வேர்ட்பிரஸ் மென்பொருள் இவ்விடத்திற்கு அளிக்கும் இயல்பான வரம்பு 200. எனவே 'தொல்காப்பியம் பொருளதிகாரம்' என்னும் இருசொல் தலைப்புகூட முழுமையாக அடங்காமல் 'பொருளதிகா' என்ற அளவில் முறிகிறது. அகத்திணையியல், புறத்திணையியல், களவியல், கற்பியல் எனத் தலைப்பின் இறுதியில் இயற்பெயரைக் கொண்டு, ஒரே வகைமையில் பதியப்படும் பக்கங்கள் அனைத்தும் ஒரே முகவரிக்கு வந்து, 2, 3, 4 என்னும் பின்னெண்களால் மட்டும் வேறுபடும். அவ்வெண்கள் பதிவேற்றிய வரிசையைக் குறிப்பன. இயல்களின் வரிசையைக் குறிப்பன அல்ல.

தமிழ் இலக்கியத்திற்கோ மென்பொருள் சாராத அடையாளங்கள் ஏற்கெனவே உண்டு. குறளின் எண்ணும், எட்டுத்தொகைப் பாடல்களின் எண்ணும், தொல்காப்பிய நூற்பாவின் எண்ணும் ஆய்வுலகம் ஒப்பிய முகவரிகள். நூற்பெயரின் சுருக்கத்தையும் பாடல் எண்ணையும், நூற்பா எண் உரைக்கு உரை வேறுபடும் இடத்தில் உரையாசிரியர் பெயரையும் கொண்டு முகவரி அமைத்தால், அது குறுகியதாகவும் எக்காலத்தும் பொருள் உடையதாகவும் இருக்கும்.

எதிர்வாதங்கள்

இவ்வாதத்திற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். பாதுகாப்பு ஆதரவு நின்றுபோன மென்பொருளில் பழைய பக்கங்களைத் தொடர்ந்து இயக்குவது தளம் முழுவதற்கும் ஆபத்து என்பது முதலாவது. இது உண்மை. ஆனால் பாடத்தைக் காக்கப் பழைய மென்பொருளைக் காக்கவேண்டியதில்லை. மாறாத பக்கங்களை நிரல் ஏதுமற்ற நிலைக்கோப்புகளாக மாற்றி வைக்கலாம். வலைப்பக்கங்களைக் காப்பிடுவதற்கான வார்க் என்னும் வடிவம் 2009 முதல் பன்னாட்டுத் தரமாகவே உள்ளது.

இணையக் காப்பகத்தின் வேபேக் பொறி எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறதே என்பது இரண்டாவது. அக்காப்பகம் அரிய தொண்டாற்றுகிறது. 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, அங்கிருந்த பக்கங்களை மீட்டவற்றுள் அதுவும் ஒன்று. ஆயினும் இணைப்புகளைப் பின்தொடர்ந்து செல்லும் அக்காப்பகம், தேடற் பெட்டியில் சொல்லை இட்டால் மட்டும் வெளிப்படும் தரவுத்தளத்தை எட்டுவதில்லை. அகராதிகளும் சொல்லடைவுகளும் அத்தகையவையே. அன்றியும், தன் வெளியீட்டைக் காக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகம் மற்றோர் அமைப்பின் கொடையிடம் விட்டுவிடுவது முறையாகாது.

ஆட்பற்றாக்குறையும் நிதியும் மூன்றாவது மறுப்பு. ஆயிரக்கணக்கான பக்கங்களை ஒப்புநோக்க யாரால் இயலும் என்பர். முழுமையாக ஒப்புநோக்குதல் அரிதே. மாதிரிக்கூறு எடுத்து ஒப்புநோக்குதல் அரிதன்று. ஒவ்வொரு நூலிலும் குறிப்பிட்ட சில பாடல்கள், ஒளகாரம் வரும் சொற்கள் அனைத்தும், கொம்பை அடுத்து ளகரம் வரும் இடங்கள் அனைத்தும் எனத் தேடினால், பிழை மிகுந்த பகுதிகள் விரைவில் வெளிப்படும். தமிழ்த்துறை மாணவர்க்குப் பாடத் திறனாய்வுப் பயிற்சியாக இதை அமைக்கலாம்.

செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து ஆயத்தப் பட்டியலில் சேர்க்கத்தக்க ஐந்து செயல்கள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, கணக்கெடுப்பின்போதே அறிவிப்புப் பக்கங்களையும் வெளியீட்டுப் பக்கங்களையும் பிரித்தல் வேண்டும். பாடம், உரை, அகராதி, அடைவு, ஆய்விதழ், ஆய்வேடு ஆகியன வெளியீடுகள். அவற்றைப் பார்வையாளர் எண்ணிக்கை கொண்டு கழித்தல் ஆகாது.

இரண்டாவதாக, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் துறைப்பெயர், வழங்கி, மென்பொருள் ஆகியவற்றைச் சாராத நிலைத்த அடையாளம் அளித்து, அதைப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியுமாறு அச்சிடவேண்டும்.

மூன்றாவதாக, பழைய முகவரி ஒவ்வொன்றும் அதற்குரிய புதிய பக்கத்திற்கு நிலையான வழிமாற்றம் பெறவேண்டும். முகப்புப் பக்கத்திற்கு ஒட்டுமொத்தமாகத் திருப்பிவிடுவது வழிமாற்றம் ஆகாது. ஏனெனில் இணைப்பு அழிந்தது என்ற செய்தியைக்கூட அது மறைத்துவிடுகிறது. நீக்கம் தவிர்க்க இயலாததாயின், நீக்கப்பட்டது என்பதையும் படி எங்கே உள்ளது என்பதையும் அப்பக்கத்திலேயே கூறவேண்டும்.

நான்காவதாக, பாடத்தை அமைப்புக் குறிகளுடன் கூடிய ஒரு மூலக்கோப்பாக வைத்து, திரையில் தோன்றும் பக்கங்களை அதிலிருந்து ஆக்கவேண்டும். இந்திய மொழி மின்பாடங்களைத் தொகுக்கும் கோட்டிங்கன் தொகுப்பு, டிஇஐ நெறிப்படியான மூலக்கோப்புகளிலிருந்து பிற வடிவங்களை உருவாக்கும் முறைக்கு மாறியிருப்பது இதற்கு முன்மாதிரி. மூலக்கோப்பு இருந்தால், அடுத்த தளமாற்றத்தில் பாடம் மீண்டும் படியெடுக்கப்படாது. தோற்றம் மட்டுமே மாறும்.

ஐந்தாவதாக, மாற்றத்திற்கு முன்னுள்ள பாடத்தின் ஒரு படியை மாறாநிலையில் காத்து, மாற்றப்பட்ட நாள், கையாண்ட மாற்றுநிரல், ஒப்புநோக்கியவர், கண்டறிந்த பிழைகள் ஆகியவற்றைப் பதிவு செய்யவேண்டும். அச்சுப் பதிப்பின் முகவுரையில் சுவடிகளின் விவரம் தருவதைப் போன்றது இது.

முடிவுரை

பல்கலைக்கழக இணையதளத்தின் மாற்றத்திற்கு ஆயத்தமாகும் பணி இன்று மென்பொருளாளர், வடிவமைப்பாளர், மக்கள் தொடர்பு அலுவலர் ஆகியோரிடம் உள்ளது. அவர்கள் தம் பணியை அறிந்தே செய்கின்றனர். ஆனால் கழிக்கப்படும் பக்கம் ஒரு பதிப்பு என்பதையும், மாற்றப்படும் முகவரி ஒருவரின் மேற்கோள் என்பதையும் அவர்களுக்கு யாரும் கூறவில்லை. கூறவேண்டியவர்கள் தமிழ்த்துறையினர். பதிப்பு வரலாற்றைப் பாடமாக நடத்தும் துறை, தன் பல்கலைக்கழகத் தளத்தில் நிகழும் படியெடுப்பைத் தன் பணியாகக் கருதாமல் இருப்பது பொருந்தாது.

சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த காலத்தில், அச்சுப்படி பிழையுடையதாயினும் சுவடி எங்கேனும் எஞ்சியிருந்தது. பிற்காலப் பதிப்பாசிரியர் அதனோடு ஒப்பிட்டுத் திருத்த இயன்றது. தளமாற்றத்தில் புதிய தளம் திறக்கப்பட்டபின் பழைய வழங்கி அணைக்கப்படுகிறது. அதன் வட்டுகள் அழிக்கப்படுகின்றன. ஒப்பிடுவதற்கு மூலம் எஞ்சாது. எனவே ஒப்புநோக்கும் பணி, பழைய தளம் இயங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சில மாதங்களுக்குள் முடிக்கப்படவேண்டும். மாற்றக் குழுவின் முதற் கூட்டத்திலேயே தமிழ்த்துறையிலிருந்து ஒருவர் அமர்ந்தால்தான் அது கைகூடும்.